இளங்கோயில்
(திருக்குடமுழுக்கு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



குடமுழுக்கு நாளன்று கூடியிருக்கும் திரளின் கண்கள் எல்லாம் ஒரே இடத்தை நோக்கியிருக்கும். விமானத்தின் உச்சியில் பொன்போல் ஒளிரும் தூபியே அவ்விடம். கடங்கள் புறப்பட்டனவா, கருடன் வட்டமிட்டதா, நீர்த்துளி தன்மேல் விழுந்ததா என்பனவே அவ்வேளையில் எல்லார் உள்ளத்தும் நிற்கும் வினாக்கள். அந்நேரத்தில் திருச்சுற்றின் ஒரு மூலையில் ஓலையாலோ தகரத்தாலோ வேயப்பெற்ற சிறு கொட்டகை ஒன்று வெறுமையாய் நிற்கும். அதனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மறுநாள் பந்தற்காரர் வந்து கழிகளை அவிழ்த்துக் கட்டி வண்டியில் ஏற்றிச் செல்வர். அங்கே ஒரு கோயில் இருந்தது என்பதற்கு அடையாளமாகத் தரையில் எண்ணெய்க் கறை சிறிது எஞ்சும்.

அக்கொட்டகைக்குத் தமிழில் ஓர் அரிய பெயர் உண்டு. 'இளங்கோயில்' என்பது அது. திருமுறையில் வழங்கிய சொல். கல்வெட்டிற் பொறித்த சொல். ஆழ்வார் பாசுரத்திலும் இடம்பெற்ற சொல். இன்று அழைப்பிதழ்களில் அது காணப்படுவதில்லை. 'பாலாலயம்' என்றே அச்சிடுகின்றனர். வடமொழியில் 'பால' என்பது இளமையைக் குறிக்குமாதலின் இரண்டும் ஒரு பொருளனவே, அதிற் பிழையில்லை. ஆயினும் வடமொழி அறியாத அன்பர் சிலர் அதனைப் பாலோடு தொடர்புடைய சடங்கென்று எண்ணிச் செம்பு நிறையப் பால் கொண்டுவந்து நிற்றலும் உண்டு. அவர்தம் அன்பு பெரிது. பால் வீணாவதும் இல்லை. எனினும் பழஞ்சொல் வழக்கில் இருந்திருப்பின் அம்மயக்கத்துக்கு இடம் இராது.

சொல்லின் அமைப்பை முதலிற் பார்ப்போம். இளமை என்னும் பண்புச்சொல் ஈறு கெட்டு 'இள' என நின்று, இனமாகிய மெல்லெழுத்து மிகுந்து, கோயில் என்பதனோடு புணர்ந்து இளங்கோயில் ஆயிற்று. ஈறுபோதலும் இனமிகலும் நன்னூல் கற்கும் மாணவரும் அறிந்த விதிகளே. கோயில் என்பது கோவினது இல். ஆகவே இளங்கோ, இல் எனப் பிரித்து 'இளவரசனாகிய இறைவன் உறையும் இல்லம்' என்று உரைக்கத் துணிவாரும் இருக்கலாம். கேட்க இனிதாய் இருக்கும் உரை அது; ஆனால் சொல் வழக்கு அதற்கு இடந்தரவில்லை. பெருங்கோயில், மணிக்கோயில் என்பன போலக் கோயில் என்னும் சொல்லுக்கு அடை சேர்ந்து வந்த பெயரே இது.

இனி 'இள' என்னும் அடைக்குப் பொருள் யாது? சிறுமையா? அன்று. சிறுமை குறிக்கச் சிறு, குறு என்னும் அடைகள் தமிழில் உள. நிலையின்மையா? அதுவும் அன்று. இளங்கதிர் என்றால் எழுந்து ஏறப்போகும் ஞாயிறு. இளந்தளிர் என்றால் இலையாய் விரியப்போகும் தளிர். இளவேனில் முதிர்ந்து முதுவேனில் ஆகும். இளவரசன் நாளை முடிசூடுவான். வளர்ச்சியை நோக்கி நிற்கும் ஒன்றன் முதல் நிலையையே 'இள' என்னும் அடை குறிக்கின்றது. அந்நிலையிலும் அப்பொருள் அப்பொருளேதான். இளங்கதிரும் ஞாயிறே, அதனைக் கண்டு கைதொழுவோர், 'உச்சிக்கு வரட்டும், பிறகு தொழுவோம்' என்று காத்திருப்பதில்லை. இறைவன் சடையில் அணிந்ததும் இளம்பிறையே. தேய்ந்து வந்து அடைக்கலம் புகுந்த பிறையை முழுமதி ஆகட்டும் என்று அவன் நிறுத்திவைக்கவில்லை. அந்நிலையிலேயே ஏற்றுத் தலைமேற் கொண்டான்.

இந்தப் பொருளை மனத்திற் கொண்டு திருமுறையை அணுகுதல் வேண்டும். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர் பெருமான் தம் அடைவுத் திருத்தாண்டகத்துள் ஒரு பாடலில் கோயில் வகைகளை நிரல்படக் கூறுகின்றார். பெருங்கோயில்கள் 78 என்று தொகை தந்து, பின்னர்க் கரக்கோயில், ஞாழற்கோயில், கொகுடிக்கோயில், இளங்கோயில், மணிக்கோயில், ஆலக்கோயில் என்று எண்ணிச் செல்கின்றார். இவற்றையெல்லாம் வலம்வந்து வணங்கத் தீவினை தீரும் என்பது அப்பாடலின் முடிவு. ஈண்டுக் கருதத்தக்கது ஒன்று. பெருங்கோயிலுக்கு ஒரு பயன், இளங்கோயிலுக்கு அதிற் குறைந்த பயன் என்று அவர் வேறுபடுத்தவில்லை. மணிக்கோயிலுக்கு முன்னே இளங்கோயிலை வைத்து, மறையவர் ஓதி வழிபடும் இடம் என்னும் சிறப்பையும் அதற்குக் கொடுக்கின்றார். மூலையிற் கிடக்கும் கொட்டகையாக அவர் கண்ணுக்கு அது படவில்லை.

இந்த ஏழு பெயர்களும் விமானத்தின் வடிவ வேறுபாட்டைக் குறிப்பன என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். கரக்கோயில் என்பது தேர்வடிவில் அமைந்த கடம்பூர்த் திருக்கோயிலைக் குறித்து வழங்குவதால் அக்கருத்துக்கு ஓரளவு இடமுண்டு. ஆனால் இளங்கோயிலுக்கு அது பொருந்துமா என்பதை அச்சொல் வழங்கும் ஊர்களை வைத்தே ஆராய்தல் வேண்டும். அப்பர் சுவாமிகள் வாக்கில் ஊர்ப்பெயரோடு இயைந்து வரும் இளங்கோயில்கள் மீயச்சூர் இளங்கோயிலும் கடம்பை இளங்கோயிலும் ஆகும். மீயச்சூரில் இளங்கோயிலுக்கு அருகே பெரிய கோயில் ஒன்று உளது. அதற்குத் திருஞானசம்பந்தர் பதிகம் உண்டு. கடம்பூரிலும் அவ்வாறே, கரக்கோயில் மேலைக்கடம்பூரில் விளங்க, இளங்கோயில் கீழைக்கடம்பூரில் உள்ளதாகக் கொள்வர். தலைமைக் கோயில் ஒன்று இருக்கும் ஊரில், அதன் பெயரை ஒட்டியே, இளங்கோயில் என ஒன்று வேறாக வழங்குவானேன்? வடிவ வேறுபாடு மட்டும் காரணமாயின் தனித்து நிற்கும் இளங்கோயில்களும் பாடலிற் காணப்படுதல் வேண்டுமன்றோ? மூலக்கோயில் திருப்பணியில் இருக்கும்போது இறைவன் எழுந்தருளும் கோயிலே இளங்கோயில் என்று வழிவழி வரும் பொருளே வலியுடையது.

மீயச்சூரைப் பற்றிச் சற்று விரித்துக் கூறலாம். இத்தலம் திருவாரூர் மாவட்டத்தில் பேரளத்துக்கு அண்மையில் உள்ளது. லலிதாம்பிகையின் திருக்கோயில் என்றால் அறியாதார் இலர். அங்கு வழிபடச் செல்வோர் அம்மையின் கொலுவிருக்கும் கோலத்தைக் கண்டு உருகி, மேகநாதப் பெருமானை வணங்கி, யானையின் பின்புறம் போல் வளைந்த விமானத்தை வியந்து திரும்புவர். அதே மதிலுக்குள் வடபால் தனியே ஒரு சந்நிதி இருக்கின்றது. இறைவன் திருப்பெயர் சகலபுவனேசுவரர். அதுதான் மீயச்சூர் இளங்கோயில். மேகநாதர் கோயிலுக்கு உரிய சம்பந்தர் பதிகம் இரண்டாந் திருமுறையில் உள்ளது. இளங்கோயிலுக்கு உரிய அப்பர் பதிகம் ஐந்தாந் திருமுறையில் உள்ளது. ஒரு மதிலுக்குள் இரண்டு பாடல்பெற்ற தலங்கள்!

இது நேர்ந்த வகையைப் பெரியோர் கூறுவது இவ்வாறு: அப்பர் பெருமான் மீயச்சூருக்கு எழுந்தருளிய காலத்துப் பெரிய கோயிலில் திருப்பணி நடைபெற்றது, இறைவன் இளங்கோயிலில் இருந்தான், அங்கு இருந்தவனை அங்கேயே அவர் பாடினார். அவர் பதிகத்தின் முதற் பாடலே வேறு கோயில்கள் எத்துணையோ உளவாக, இறைவனுக்கு உயர்ந்த இடம் இளங்கோயிலே என்னும் கருத்துடன் தொடங்குகின்றது. சொல்லை நோக்குமிடத்து இது வியப்பன்றோ? ஊர் ஊராய் நடந்து, கையில் உழவாரம் ஏந்தி, பெருங்கோயில்களின் முற்றங்களிற் புல் செதுக்கியவர் அவர். கற்றளியின் பெருமையும், மாடக்கோயிலின் உயரமும் அவர் அறியாதன அல்ல. அவ்வளவும் கண்டவர், திருப்பணிக் காலத்து எழுப்பிய ஒரு சிறு கோயிலின்முன் நின்று 'இதுவே ஏற்றம்' என்றார். 'இன்னும் சில திங்களிற் பெரிய கோயில் முடிந்துவிடும். அப்போது வந்து பாடலாம்' என்று அவர் போய்விடவில்லை. போயிருந்தால் அந்தப் பதிகம் நமக்குக் கிடைத்திராது.

பின்பு நிகழ்ந்தது இன்னும் கருதத்தக்கது. பெரிய கோயில் முடிந்தது, குடமுழுக்கும் ஆயிற்று. ஆனால் மீயச்சூரார் இளங்கோயிலை அவிழ்த்துவிடவில்லை. திருப்பாட்டுப் பெற்ற இடத்தை எவ்வாறு அவிழ்ப்பது? அது கல்லாயிற்று, கருவறையாயிற்று, இறைவியும் உடன் எழுந்தருளினாள். இளமையிலேயே நிலைபெற்ற கோயில் அது.

சைவ மேடையில் ஆழ்வார் வாக்கை எடுத்தோதுதல் ஒரு சிலர்க்குப் புதுமையாகத் தோன்றலாம். தமிழ்ச் சொல்லின் வரலாறு பார்க்குமிடத்துச் சமய எல்லை நின்று தடுத்தல் ஆகாது. அன்றியும் இச்சொல்லை மிக உருக்கமாக ஆண்டவர் முதலாழ்வார் மூவருள் ஒருவராகிய பூதத்தாழ்வாரே. இரண்டாந் திருவந்தாதியில் அவர் தம் பெருமானை நோக்கி ஒரு விண்ணப்பம் செய்கின்றார். திருமாலிருஞ்சோலை, திருவேங்கடம் என்னும் இரண்டு மலைகளையும் விரும்பி உறைந்தவாறே என் உள்ளத்தையும் கோயிலாக விரும்பி வந்துவிட்டாய். ஆயினும் வெள்ளமாகிய உன் இளங்கோயிலைக் கைவிட்டுவிடாதே என்பது அவ்விண்ணப்பத்தின் கருத்து. வெள்ளம் என்றது திருப்பாற்கடலை. உரையாசிரியராகிய பெரியவாச்சான் பிள்ளை இவ்விடத்து இளங்கோயில் என்பதற்குப் பாலாலயம் என்றே பொருள் காட்டினார். பிள்ளை லோகாசாரியரும் தம் ஸ்ரீவசனபூஷணத்தில் இவ்விடத்தை எடுத்தாண்டார்.

இங்கே உவமை தலைகீழாய் நிற்பதைக் காண்க. உலகம் பெரிதென்று கருதும் பாற்கடல் இங்கு ஓலைக் கொட்டகை ஆகிவிட்டது. அடியாரின் உள்ளம் மூலக்கோயில் ஆகிவிட்டது. உள்ளக்கோயில் கட்டி முடியும் வரையில் தங்கியிருக்கவே பெருமான் பாற்கடலை இளங்கோயிலாகக் கொண்டிருந்தான். முடிந்ததும் அங்கு எழுந்தருளிவிட்டான். அதனோடு பாட்டு நின்றிருந்தால் அது அடியாரின் பெருமையைக் கூறும் பாட்டாக மட்டும் இருந்திருக்கும். ஆழ்வார் அங்கு நிற்கவில்லை. தமக்குப் பெருஞ்செல்வம் வந்து கிடைத்த நேரத்தில், கைவிடப்படும் பழைய இடத்துக்காக இரங்குகின்றார். இத்தனை காலம் உன்னைத் தாங்கியிருந்ததே, அதனை மறந்துவிடாதே என்று மன்றாடுகின்றார். மீயச்சூரில் அடியார் செய்ததும் இதுவே. ஒருவர் பாட்டாற் செய்தார். மற்றவர் கல்லாற் செய்தனர்.

இதனோடு ஒத்த நிகழ்ச்சி பெரிய புராணத்துப் பூசலார் வரலாறு. திருநின்றவூரில் பொருளில்லாத அன்பர் மனத்திலே கோயில் எடுத்து, தூபி நட்டு, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர் கோமானுடைய குடமுழுக்கு நாளும் அதுவாகவே இருந்தது. இறைவன் அரசன் கனவில் தோன்றி, 'உன் நாளைத் தள்ளிவை. யாம் பூசலன் கோயிலுக்குச் செல்கின்றோம்' என்று அருளிய செய்தி அன்பர் யாவரும் அறிந்ததே. அங்கும் கற்கோயிலே காத்திருந்தது.

பல்லவர் காலத்துக் கல்வெட்டொன்றும் இச்சொல்லை வழங்குகின்றது. திருப்பதி மலையடிவாரத்துத் திருச்சானூரில் 9ஆம் நூற்றாண்டில் 'திருவிளங்கோயிற் பெருமானடிகள்' என்ற திருப்பெயருடன் ஒரு மூர்த்தி வழிபடப்பெற்றதை அது காட்டும். மலைமேல் ஏற இயலாதார்க்கென அடிவாரத்தில் அமைந்த கோயில் என்று அறிஞர் கருதுவர். திருப்பணிக் காலத்துக்கு மட்டும் உரியதாய் இராமல், மூலக்கோயிலுக்குப் பிரதிநிதியாய் நிற்கும் கோயிலுக்கும் அப்பெயர் சென்றது என்று இதனால் அறியலாம்.

இனி, ஆகம வழக்கில் இளங்கோயில் அமையும் வகையைக் காண்போம். பாலஸ்தாபனம், தருணாலயம் என்றும் ஆகமங்களும் சிற்ப நூல்களும் இதனைக் கூறும். இஃது இருவகைத்து. புதிதாய் ஒரு கோயில் எடுக்கத் தொடங்கும்போதே இறைவனை முன்னர் எழுந்தருளச் செய்து வழிபடுவதற்கு அமைப்பது ஒன்று. பழுதுற்ற கோயிலைப் புதுக்கும்போது அமைப்பது மற்றொன்று. இந்நாளிற் பெரும்பாலும் காண்பது இரண்டாம் வகையே.

நல்ல நாளில் விநாயகர் வழிபாடும் அனுக்ஞையும் செய்து, நிலத்தேவர்க்குரிய சாந்தி முடித்து, தூய நீர் நிறைத்த குடத்தை மூலமூர்த்தியின் திருமுன் வைத்து, மூர்த்தியினிடத்து விளங்கும் அருளாற்றலை அக்குடத்தில் எழுந்தருளச் செய்வர். இதற்குக் கலாகர்ஷணம் என்று பெயர். பின்னர் வேள்விச் சாலையில் வழிபாடாற்றி, அத்திப் பலகையில் எழுதிய திருவுருவத்தில் அவ்வாற்றலை நிலைபெறச் செய்வர். அன்று முதல் நாட்பூசை அப்பலகைக்கே உரியது. எழுதிய உருவத்துக்கு நீராட்டுதல் இயலாமையின், எதிரே கண்ணாடியை வைத்து, அதில் தோன்றும் திருவுருவத்துக்கு நீராட்டும் வழக்கமும் உண்டு. எத்துணை நயமான ஏற்பாடு! நிழலுக்கும் நீராட்டு உண்டு. ஒரு நாளும் பூசை தவறுதல் இல்லை.

திருப்பணி முடிந்தபின் நிகழ்வது இதன் மறுதலை. இளங்கோயிலில் விளங்கிய ஆற்றலை மீண்டும் குடத்தில் ஏற்று, வேள்விச் சாலைக்கு எழுந்தருளச் செய்வர். காலந்தோறும் வழிபாடும் வேள்வியும் நிகழும். கருவறையில் கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டும் சேர்த்து இடித்த மருந்தால் மூர்த்தியைப் பீடத்தோடு பொருந்தச் செய்வர். இதனை இடிக்கும் கைகளின் வலியை இடித்தவரே அறிவர். நாடீசந்தானம், ஸ்பரிசாகுதி முதலியன முடிந்து, கடங்கள் புறப்பட்டு, தூபியின் மேலும் மூர்த்தியின் மேலும் அந்நீர் சொரியப்படுகின்றது. அதுவே குடமுழுக்கு.

ஆகவே அன்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கண்ணீர் மல்கக் கைகுவித்து நிற்கும்போது தூபியின்மேல் விழும் நீரில் நிறைந்திருந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது? மேகத்திலிருந்து அந்நாழிகையில் இறங்கியதன்று. திருப்பணிக்காலம் முழுதும் அம்மூலைக் கொட்டகையில், அப்பலகையில், ஒற்றை விளக்கின் ஒளியில் வழிபடப்பெற்று வந்தது எதுவோ அதுவே குடத்தில் ஏறி, தூபியில் இறங்கிக் கருவறையை அடைகின்றது. இளங்கோயில் குடமுழுக்கின் தாய்.

'எங்கும் நிறைந்த சிவத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் வைப்பது எவ்வாறு?' என்று வினவுவாரும் உளர். வினா நேரியதே. விடை சைவ நூல்களிலேயே இருக்கின்றது. பசுவின் பால் அதன் உடல் முழுதும் பரந்திருப்பினும் மடியின்வழியே நமக்குக் கிடைக்கின்றது. அதுபோல் எங்குமுள்ள இறைவனது அருள் வெளிப்படும் வாயிலே திருவுருவம். கலாகர்ஷணத்தில் இடம் பெயர்வது இறைவனது நிறைவன்று. அருள் விளங்கித் தோன்றும் வாயிலே இடம் மாறுகின்றது. கருங்கல்லில் விளங்கியபோது அது மிகவும், பலகையில் விளங்கும்போது அது குறையவும் ஆகாது. மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவமாகவே கண்டு தொழுதல் வேண்டும் என்று கூறும். அங்கு ஆலயம் எனப் பொதுவாகச் சொன்னாரேயன்றிக் கற்றளி என்று அளவு குறித்தாரல்லர். திருவேடம் பூண்டாரைச் சோதித்துத் தொழாமை எவ்வளவு தவறோ, ஆலயத்தின் கூரையைப் பார்த்துத் தொழுவதும் அவ்வளவு தவறு.

முன்னாளிற் கோயில்களைக் கல்லாற் புதுக்கிய பெருந்தகையாருள் கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவியார் தலைசிறந்தவர். 10ஆம் நூற்றாண்டில் திருநல்லம், தென்குரங்காடுதுறை, திருக்கோடிகா, திருமுதுகுன்றம் முதலிய தலங்களிற் கற்றளிகள் எழ அவரே காரணர். திருக்கோடிகாவில் பழைய கோயிலின் கல்வெட்டுக்கள் அழியாதபடி அவற்றைப் படியெடுத்துப் புதிய சுவரில் பொறிக்கச் செய்தார். பழையதைக் கைவிடலாகாது என்னும் கருத்து அரசியார்க்கும் இருந்தது! அத்தலங்களில் செங்கல்லை நீக்கிக் கல்லை அடுக்கும் பணி நடந்த காலமெல்லாம் இறைவன் எங்கிருந்தான்? இளங்கோயில்களில்தான் இருந்திருத்தல் வேண்டும். ஓலையும் மூங்கிலுமாய் இருந்தவற்றுக்குக் கல்வெட்டு ஏது? அங்கு நாள்தோறும் விளக்கேற்றியவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

இந்நாளின் நிலையையும் மறையாது கூறுதல் கடன். திருப்பணி தொடங்கிப் பாலாலயம் ஆனவுடன் பல ஊர்களில் வழிபடுவோர் தொகை குறைந்துவிடுகின்றது. கொடியேற்றமும் தேரும் அக்காலத்து நிகழாமையின் உற்சவம் காண வருவோர் வாரார் என்பது இயல்பே. ஆனால் நாள்தோறும் வருவோரும் நின்றுவிடுகின்றனரே! கேட்டால், 'சாமி இப்போது இல்லை. கும்பாபிஷேகம் ஆனபின்தான்' என்கின்றனர். சிவத்தை 'இல்லை' என்று சொல்ல நாக்கு எழுந்தது எவ்வாறு? கல்லும் மணலும் மரச்சாரமும் கிடக்கும் முற்றத்தைக் கடந்து, மாலையில் ஒரு மூதாட்டி ஒரு கிண்ணம் எண்ணெயும் நாலு முழம் பூவும் கொண்டு வருவாள். குருக்கள் தீபம் காட்டுவார். ஓதுவார் இருக்கும் ஊராயின் ஒரு பதிகம் ஒலிக்கும். அங்கு இவ்வளவே கூட்டம். பொருள் முட்டுப்பட்டுத் திருப்பணி நின்றுபோன ஊர்களில் இது திங்கட்கணக்கில் அன்று, ஆண்டுக்கணக்கில் நீள்வதும் உண்டு. இளங்கோயிலை நீளவிடலாகாது என்று பெரியோர் எச்சரித்தது இறைவனுக்கு அங்கு இடம் போதாமையால் அன்று. மக்கள் மறந்துவிடுவர் என்பதனால்தான் போலும்.

திருப்பணி நின்றுபோன கோயில் ஒன்றனைப் பற்றிப் பேச்சு எழும்போது, 'எத்தனை நிலை முடிந்தது? எத்தனை ரூபாய் குறைகின்றது?' என்றே செல்வர் வினவுவர். அவ்வினாக்கள் வேண்டுவனவே, பொருளின்றிக் கோபுரம் எழாது. 'இளங்கோயிலில் இன்று விளக்கெரிகின்றதா?' என்பதனையும் உடன் வினவினால், நின்ற பணியும் நடக்கத் தொடங்கும். விளக்கெரியும் இடத்திற்கு ஆள் வருவர். ஆள் வரும் இடத்திற்குப் பொருள் வரும். திருப்பணி செய்து தழும்பேறியவர்களுக்கு இது தெரியாததன்று.

குடமுழுக்கு மலர்கள் தோறும் நன்கொடையாளர் பட்டியல் அச்சிடப்பெறுகின்றது. தூபிக்குப் பொன் தந்தவர், நிலைக்குக் கதவு தந்தவர், வண்ணம் தீட்டுவித்தவர், வேள்விச் சாலைக்கு நெய் தந்தவர் எனத் தொகையின் இறங்குமுறையில் பெயர்கள் வரும். அது முறையே. இனி வெளிவரும் மலர்களில் அப்பட்டியலின் முதற்பக்கத்தில் வேறொரு சிறு பட்டியல் இடம்பெறுமாயின் நன்றாயிருக்கும். பாலாலயம் ஆன நாள் முதல் கடம் புறப்பட்ட நாள் வரை அக்கொட்டகையில் விளக்குக்கு எண்ணெய் தந்தவர், பூத்தொடுத்தவர், பதிகம் ஓதியவர், மழையில் ஒழுகிய கூரையை ஏறி வேய்ந்தவர் ஆகியோரின் பெயர்களை அதில் தொகை குறிக்காமல் அச்சிடலாம். அவர்களிற் பலர் கேட்டாலும் பெயர் சொல்லமாட்டார்கள். குருக்களையும் மெய்க்காவலரையும் கேட்டால் தெரியும்.

திருச்சிற்றம்பலம்.